புரட்டாசியில் பூசிய சுவர்

மழைக்காலத்துக்கு முன் பழைய வீட்டில் கை வைக்கப்போகிறீர்கள் என்றால், ஆள் கூப்பிடுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். 2022-இல் இதை எனக்குச் சொல்ல யாரும் இல்லை. சொல்லியிருந்தால் ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல் மிஞ்சியிருக்கும். அதைவிட, அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த அந்த ஐந்து நாள் வந்திருக்காது.

எங்கள் வீடு மதுரையில் வடக்கு மாசி வீதியை ஒட்டிய ஒரு சந்தில் இருக்கிறது. தாத்தா கட்டியது. இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவரோடு ஒட்டியிருக்கும். முன்னால் திண்ணை, நடுவில் சின்ன முற்றம், பின்னால் கிணறு. செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய ஒன்றரை அடிச் சுவர். மேலே மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டைகள் மேல் செங்கல்லைக் குத்துவாக்கில் அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியையும் சுண்ணாம்பையும் கொட்டித் தட்டி, தட்டோடு பதித்த தளம். இப்போது அந்த வீட்டில் நானும் அம்மாவும்தான். என் கணவருக்கு வேலை திருப்பூரில், மாதம் ஒரு முறை வருவார். மகன் விடுதியில் படிக்கிறான். ஆகவே வீட்டு வேலை என்றால் முடிவெடுப்பது, பேரம் பேசுவது, கூட நிற்பது எல்லாம் நான் ஒருத்திதான்.

அம்மாவுக்கு இளைப்பு உண்டு. கார்த்திகை பிறந்தால் இருமல் ஆரம்பித்து, தை முடிகிறவரை இழுக்கும். அந்த வருஷமாவது அவரைக் கதகதப்பாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்பட்டேன். மதுரையில் மார்கழி விடியற்காலையில்கூட 20 டிகிரியை ஒட்டித்தான் குளிர் இருக்கும். கொடைக்கானல் மாதிரி நடுங்கவைக்கும் குளிர் இங்கே கிடையாது. வீட்டுக்குள் நம்மைப் படுத்துவது ஓதம், அதாவது சுவரில் ஏறி நிற்கிற ஈரம். நம் ஊர் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டிவிடுகிறது. சுவர் அதைக் குடித்து, பிறகு இரண்டு மூன்று மாதம் வீட்டுக்குள் கக்கிக்கொண்டிருக்கும். இது எனக்கு அப்போது புரியவில்லை. குளிரை அடைக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். அந்த ஒரு நினைப்பிலிருந்துதான் எல்லாத் தவறும் கிளம்பியது.

புரட்டாசி முதல் வாரத்தில் ஒரு கான்ட்ராக்டர் வந்து பார்த்தார். மாடியில் தண்ணீர் இறங்காத ரப்பர் மாதிரிப் பூச்சு, உள்ளே சுவரில் தரையிலிருந்து நாலடி உயரத்துக்குப் பழைய பூச்சைக் கொத்திவிட்டு வாட்டர்ப்ரூஃப் கலந்த சிமென்ட் பூச்சு, அதன்மேல் கழுவக்கூடிய பெயின்ட். மேலே இருந்த காற்றுத் துளைகள் வழியாகத்தான் குளிர் வருகிறது என்று நானே சொல்ல, அவற்றையும் அடைத்துவிடலாம் என்றார். மொத்தம் 1,38,000 ரூபாய். அதில் 90,000-க்கு என் ஏழு பவுன் சங்கிலியை அடகு வைத்தேன். பதினெட்டு நாளில் வேலை முடிந்தது. பளிச்சென்று புது வீடு மாதிரி இருந்தது. அம்மா சுவரைத் தடவித் தடவிப் பார்த்தார். தீபாவளிக்கு வந்த சொந்தக்காரர்களிடம் பெருமையாகக் காட்டினேன்.

ஐப்பசிக் கடைசியில் மழை பிடித்தது. நாலாவது நாள் அம்மா படுக்கும் அறையில் கட்டிலுக்கு மேலே, சுவரில் உள்ளங்கை அகலத்துக்குப் பெயின்ட் உப்பிக்கொண்டு நின்றது. விரலால் அழுத்தினேன். பழுப்பு நிறத் தண்ணீர் பீறிட்டு மணிக்கட்டு வரை வழிந்தது. புதுச் சிமென்ட் பூசிய நாலடி வரை சுவர் நன்றாகவே இருந்தது. அதற்கு மேல், பழைய சுண்ணாம்புப் பூச்சு தொடங்குகிற இடத்தில், கோடு போட்ட மாதிரி அறை முழுக்க ஓதம் ஏறியிருந்தது. முன்பெல்லாம் முழங்கால் உயரத்தோடு நின்றுவிடும் ஓதம் அது. வாரம் திரும்புவதற்குள் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்து, தொட்டால் மாவு மாதிரி உதிர்ந்தது. பீரோவை நகர்த்தினால் பின்னால் கரும்புள்ளிப் பூஞ்சை. உள்ளே இருந்த என் கல்யாணப் பட்டிலும் அந்த வாடை.

அப்புறம் ஒரு ராத்திரி திடீரென்று கரன்ட் போய்விட்டது, எங்கள் வீட்டில் மட்டும். டிரிப்பரைத் தூக்கிவிட்டால் உடனே விழுந்தது. மறுநாள் வந்த எலெக்ட்ரீசியன், சுவருக்குள் போகிற பழைய வயரில் ஈரம் இறங்கி மின்சாரம் கசிகிறது என்றார். "இந்த டிரிப்பர் மட்டும் இல்லாட்டி, சுவரத் தொட்ட ஆளுக்கு ஷாக் அடிச்சிருக்கும்க்கா" என்று அவர் சொன்னபோது எனக்குக் கை கால் ஓடவில்லை. அம்மா ராத்திரி பாத்ரூம் போகும்போது அந்தச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பார். வயர் மாற்ற 6,500 ரூபாய் ஆனது. உங்கள் வீட்டில் கசிவு மின்சாரத்துக்கு அணைகிற டிரிப்பர் இல்லையென்றால், மழைக்கு முன்னால் வேறு எந்தச் செலவையும் தள்ளிப்போட்டுவிட்டு முதலில் அதைப் போடுங்கள். இருந்தால், அதிலுள்ள டெஸ்ட் பட்டனை மாதம் ஒரு முறை அழுத்திப் பாருங்கள். விழ வேண்டும். விழவில்லை என்றால் அது இருந்தும் பயனில்லை.

கார்த்திகை நடுவில் அம்மாவுக்கு மூச்சு முட்டிவிட்டது. ஐந்து நாள் ஆஸ்பத்திரி, 27,000 ரூபாய். டாக்டர் வீட்டைப் பற்றித்தான் அதிகம் கேட்டார். ஓதம் இருக்கிறதா, பூஞ்சை இருக்கிறதா, கொசுவர்த்தி கொளுத்துகிறீர்களா, சாம்பிராணி போடுகிறீர்களா. எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றேன். ஓத வாடை போகட்டும் என்று சாயங்காலம் கதவு ஜன்னல் எல்லாம் சாத்திவிட்டு, தினமும் சாம்பிராணியும் வேப்பிலையும் போட்டுப் புகை மூட்டியவள் நான்தான். இயற்கையான பொருள்தானே, என்ன செய்துவிடும் என்ற நம்பிக்கை. இளைப்புக்காரருக்குப் புகை எதிலிருந்து வந்தாலும் புகைதான். வார்டில் அம்மா முகத்தில் மூச்சுக்கருவியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த ராத்திரி, இவ்வளவையும் என் கையால் செய்தேனே என்று அழுதேன். அந்தக் குற்ற உணர்ச்சி இன்னும் முழுசாகப் போகவில்லை.

கான்ட்ராக்டருக்குப் போன் செய்தால், மழை விட்டதும் வந்து டச்சப் செய்து தருகிறேன் என்றார். வரவே இல்லை. எழுதி வாங்காமல் வாய்ப்பேச்சில் கொடுத்த வேலை என்பதால் என்னாலும் எதுவும் செய்ய முடியவில்லை. என்ன வேலை, எந்தப் பொருள், எத்தனை அடி, ஓதம் திரும்ப வந்தால் யார் செலவு என்று ஒரு வெள்ளைத்தாளிலாவது எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கடைசித் தவணையாக நாலில் ஒரு பங்குப் பணத்தை ஒரு பெருமழை பார்த்த பிறகுதான் தருவேன் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

மார்கழியில், தெற்கு வாசல் பக்கம் இருந்து ஒரு வயசான கொத்தனாரைத் தெரிந்தவர்கள் அனுப்பிவைத்தார்கள். கோயில் வேலையும் பழைய வீட்டு வேலையும் பார்த்தவர். வந்தவர் சுவரை உடனே தொடவில்லை. மாடிக்குப் போய், இரண்டு குடம் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, தளத்தில் ஊற்றிவிட்டுக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தார். தண்ணீர், மழைநீர் வெளியேறுகிற தூம்பு வரை ஓடிவந்து, அதன் வாயிலேயே நின்றுவிட்டது. புதுப் பூச்சைத் தூம்பு வாய்க்குள்ளும் கெட்டியாக அப்பியிருந்ததால், வாய் தளத்தைவிட அரை அங்குலம் உயர்ந்துபோயிருந்தது. மழை பெய்த ஒவ்வொரு நாளும் அந்த மூலையில் ஒரு குளம் நின்றிருக்கிறது. அதற்கு நேர் கீழேதான் அம்மாவின் கட்டில். தளத்தில் ஏற்கெனவே இருந்த ஈரமும் ரப்பர் பூச்சுக்கு அடியில் மாட்டிக்கொண்டு வெயிலில் ஆவியாகிக் கொப்புளம் கொப்புளமாகக் கிளப்பியிருந்தது.

அப்புறம் கீழே வந்து, விரல் முட்டியால் சிமென்ட் பூச்சைத் தட்டிக்கொண்டே நடந்தார். பல இடத்தில் பொக்குச் சத்தம். "சுவரு குடிச்ச தண்ணியக் கக்க வழி வேணும் தாயி. நீங்க அது வாயக் கட்டிட்டீக. கீழ வழியில்லன்னா மேலதான ஏறும்?" என்றார். சுண்ணாம்புப் பூச்சில் நுண்ணிய துளைகள் இருப்பதால் மண்ணிலிருந்து ஏறுகிற ஈரம் கீழேயே காய்ந்துவிடும். சிமென்டும் ப்ளாஸ்டிக் மாதிரிப் படிகிற பெயின்டும் அதை விடாது. பழைய சுண்ணாம்பு வீட்டுக்குத் தண்ணீர் புகாத பூச்சு என்று யார் எதைக் காட்டினாலும், உள்ளே இருக்கிற ஈரம் எந்த வழியாகப் போகும் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் வேலை கொடுக்க வேண்டாம்.

உங்கள் சுவரில் வருவது எந்த ஈரம் என்று கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. ஓரடிக்கு ஓரடி பாலித்தீன் தாளைச் சுவரில் வைத்து நாலு பக்கமும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டிவிடுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளுக்கும் சுவருக்கும் நடுவில் நீர் முத்து கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. தாளின் வெளிப்பக்கம் நனைந்திருந்தால் அது அறைக் காற்றின் ஈரம். சமையல் ஆவி, உள்ளே காயப்போடுகிற துணி, அடைத்த ஜன்னல் இதெல்லாம்தான் காரணம். அதற்கு ஜன்னலைத் திறந்தாலே பாதி சரியாகிவிடும், காசு செலவில்லை. எங்கள் வீட்டில் இரண்டு பக்கமும் நனைந்திருந்தது.

வேலையைத் தையில்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று கொத்தனார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சுண்ணாம்பு மெதுவாகத்தான் இறுகும். அடைமழையிலும் கூடாது, சித்திரை வெயிலிலும் கூடாது. தை, மாசிதான் தோது. அம்மாவைத் திருமங்கலத்தில் அக்கா வீட்டில் ஒன்றரை மாதம் விட்டுவைத்தேன். பூச்சைக் கொத்தும் தூசியில் இளைப்புக்காரர் இருக்கவே கூடாது. சிமென்டைக் கொத்தி எடுத்து அள்ளிப்போட மட்டும் 11,000 ரூபாய். அந்தக் கழிவு எதற்கும் உதவவில்லை. அதே சுவரிலிருந்து கொத்திய பழைய சுண்ணாம்புப் பூச்சைச் சலித்துப் புதுக் கலவையில் மறுபடி சேர்த்துக்கொண்டார் கொத்தனார். உடைந்த செங்கல் ஜல்லியாகி மாடிக்குப் போனது. சிமென்டைச் சுட 1,450 டிகிரி வரை சூடு வேண்டும், சுண்ணாம்புக்கு 900 போதும். பூசிய பிறகு சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை உறிஞ்சித்தான் மறுபடியும் கல்லாகிறது. நான் இதை ஆரம்பித்தது சூழலுக்காக இல்லை, அம்மாவுக்காக. ஆனால் வீட்டுக்கு நல்லதும் ஊருக்கு நல்லதும் ஒன்றாக இருந்ததைப் பார்த்தபோது மனசு நிறைந்தது.

கொத்திய சுவரை அப்படியே அம்மணமாக ஐந்து வாரம் ஆறப்போட்டார். எனக்கு அவசரம், அவருக்கு இல்லை. அதற்குள் பின்கட்டில் சுண்ணாம்பு தயாரானது. சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் விட்டதும் கொதித்த கொதியை இன்னும் மறக்க முடியவில்லை. பக்கத்தில் குழந்தைகளை விடாதீர்கள், வேலை செய்கிறவருக்குக் கண்ணாடி வாங்கிக் கொடுங்கள், கண்ணில் தெறித்தால் நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவி உடனே டாக்டரிடம் போக வேண்டும். ஒரு பானையில், கீழமாசி வீதியில் வாங்கிய கடுக்காயை உடைத்துப் போட்டு, கருப்பட்டியும் சேர்த்துப் பத்து நாளுக்கு மேல் ஊறவைத்தார்கள். புளித்த வாடை தெருமுனை வரை வந்தது. அந்தத் தண்ணீரை விட்டுத்தான் கலவை குழைத்தார். ஒரு பங்கு சுண்ணாம்பு, இரண்டு பங்கு மணல், ஓதம் ஏறுகிற அடிச்சுவருக்கு மட்டும் கொஞ்சம் செங்கல் பொடி. பொடி சேர்த்தால் ஈரத்திலும் இறுகும் என்றார். கலவையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து தேய்த்துப் பார்ப்பார். வெண்ணெய் மாதிரி வழுக்கினால்தான் கரண்டியை எடுப்பார். இல்லையென்றால் சித்தாளை மறுபடி மிதிக்கச் சொல்வார். 1636-இல் கட்டிய நாயக்கர் மகாலும் செங்கல்லும் சுண்ணாம்பும்தான் தாயி என்று அவர் சொன்னபோது, சின்ன வயசிலிருந்து பார்க்கிற அந்தத் தூண்கள் வேறு மாதிரித் தெரிந்தன.

பூசிய பிறகு இரண்டு வாரம் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு, காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தேன். இதில் சோம்பினால் வெடித்துவிடும். காய்ந்ததும் வெறும் சுண்ணாம்பு வெள்ளையடிப்பு, பெயின்ட் கிடையாது. கையில் லேசாக ஒட்டும், துடைத்துக்கொண்டால் போகிறது. மாடியில் ரப்பர் பூச்சை உரித்து, பழுதான இடத்தில் மட்டும் ஜல்லி சுண்ணாம்பு போட்டு மரக்கட்டையால் நாலு நாள் தட்டி, தூம்பை நோக்கி வாட்டம் கொடுத்துத் தட்டோடு பதித்தார். உரித்து அள்ளிய கூலி போக, சுவருக்கு 74,000, மாடிக்கு 46,000. சுண்ணாம்பு வேலையில் பொருளைவிடக் கூலிதான் ஏறும், நாளும் பிடிக்கும். முழு வேலையும் கொடுப்பதற்கு முன் இரண்டடிக்கு இரண்டடி ஒரு மூலையில் பூசச்சொல்லி, இருபது நாள் விட்டுப் பாருங்கள். சுண்ணாம்பு தெரியும் என்று சொல்கிற எல்லோருக்கும் தெரிவதில்லை.

கூடவே கிணற்றையும் கவனித்தேன். மழைநீர் சேகரிப்பை 2003-இலேயே தமிழ்நாட்டில் எல்லா வீட்டுக்கும் கட்டாயமாக்கினார்கள். எங்கள் வீட்டிலும் அப்போது குழாய் வைத்தோம், பின்னால் யாரோ அதைச் சாக்கடைக்குத் திருப்பிவிட்டிருந்தார்கள். எங்கள் மாடி சுமார் 600 சதுர அடி. ஒரு சென்டிமீட்டர் மழைக்கே ஐந்நூறு லிட்டருக்கு மேல் விழும். அவ்வளவும் சுவரோரம் சாக்கடையில் தேங்கி, அடிச்சுவர் வழியாக ஏறிக்கொண்டிருந்தது. இப்போது ஜல்லி, கரி, மணல் போட்ட தொட்டி வழியாகக் கிணற்றுக்குப் போகிறது. சீசனின் முதல் மழையை மட்டும் வெளியே விட்டுவிட வேண்டும். மாடித் தூசியும் புறா எச்சமும் அதில்தான் வரும்.

இப்போது ஆடியிலேயே மாடிக்குப் போய்விடுகிறேன். தளத்தில் குடம் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பது, தூம்பில் இலை எடுப்பது, வடக்கு கிழக்குச் சுவர்களில் வெடிப்புப் பார்ப்பது. நம் ஊர் அடைமழைச் சாரல் அந்தப் பக்கமிருந்துதான் அடிக்கும். ஆடியில் பார்த்தால் ஆவணிக்குள் சின்னப் பழுதை முடித்துவிடலாம். புரட்டாசியில் பெரிய வேலை எதையும் தொடங்காதீர்கள். அடைத்த காற்றுத் துளைகளைத் திறந்து கொசுவலை மட்டும் போட்டேன். மழைக்காலத்தில் வெயில் எட்டிப்பார்க்கிற நேரம், பத்து மணியிலிருந்து நாலு மணி வரை, எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்துவைப்பேன். பொழுது சாய்ந்ததும் சாத்திவிடுவேன். பீரோவும் கட்டிலும் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி நிற்கின்றன. புகை கிடையாது, வலைதான். டெங்கு கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும் என்பதால் வெள்ளிக்கிழமை தோறும் தொட்டி, குடம், ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கிற தட்டு எல்லாவற்றையும் கொட்டித் தேய்க்கிறேன். கதகதப்புக்கு அம்மாவின் பழைய நூல் சேலைகளை நாலாக மடித்துத் தைத்த போர்வை, தரையில் கோரைப்பாய், அதன்மேல் ஜமுக்காளம். ஐப்பசிக்கு முன்னால் எல்லாவற்றையும் இரண்டு நாள் நல்ல வெயிலில் போட்டு எடுத்துவிடுவேன். இந்த வகையில் புதிதாக ஒரு பைசா செலவில்லை.

2023 மழையில் அடிச்சுவர் ஒரு சாண் உயரத்துக்கு நிறம் மாறியது, தையில் தானே காய்ந்தது. 2024 அக்டோபர் 25 அன்று மதுரையில் கொட்டிய மழை எல்லோருக்கும் ஞாபகமிருக்கும். செல்லூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அன்றைக்கு ராத்திரி டார்ச்சை எடுத்துக்கொண்டு அறை அறையாகச் சுவரில் கை வைத்துப் பார்த்தேன். கட்டிலுக்கு மேலே காய்ந்துதான் இருந்தது. அம்மா முழித்துக்கொண்டு, "ஏத்தா, இன்னும் தூங்கலையா?" என்றார்.

பாத்ரூமை ஒட்டிய மூலை மட்டும் இன்னும் சரியாகவில்லை. அடுத்த வீட்டுக் குழாய் அந்தப் பொதுச்சுவருக்குள் போகிறது, அவர்கள் பக்கம் கசிகிறது. மூன்று முறை பேசி, குழாயை அவர்கள் மாற்றுவதாகவும் பூச்சை நான் ஏற்பதாகவும் முடிவாகியிருக்கிறது. வருகிற தையில் அதே கொத்தனாரை வரச் சொல்லியிருக்கிறேன். கடுக்காய் வாங்கி வைத்தாகிவிட்டது.